கட்டின் அடியில் கலங்கல் தண்ணீர் வந்தால் அடைக்காதீர்கள்

இலங்கை மலையகத்தில் ஓடைத் தண்ணீரை ஒரு சின்ன மண் கட்டில் தேக்கிக் கரண்ட் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை பெக்டரி ஓட்டுவதற்காக நூற்றுக்கணக்கான தோட்டங்களில் நீர்மின் இயந்திரம் போட்டிருந்தார்கள். தேசிய மின்சாரக் கம்பி வந்ததும் பல இடங்களில் அதைக் காடு மூடிவிட்டது. சில இடங்களில் ஊர்க்காரர்கள் சங்கம் சேர்ந்து, அதே பழைய கட்டைத் துப்புரவாக்கி, புதுக் குழாய் இழுத்து, வீடுகளுக்கு விளக்கு ஏற்றினார்கள். நுவரெலியா மாவட்டத்தில் நான் பார்த்துக்கொள்ளும் கட்டும் அப்படிப்பட்டதுதான். ஓர் ஒக்டோபர் இரவில் அது உடையும் தறுவாய்க்கு வந்தது. அந்த இரவின் முதல் ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடாத இரண்டு காரியங்களைச் செய்தோம். யாரைக் கேட்டாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவு நியாயமாகத் தெரிந்தது.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். உயரம் 14 அடி, நீளம் 110 அடி, மேல் முதுகு 6 அடி அகலம். குளம் நிறைந்தால் 1500 கன மீற்றர், அதாவது 1500 டன் தண்ணீர். குளத்துக்கும் இயந்திர அறைக்கும் 40 மீற்றர் இறக்கம். நொடிக்கு 50 லீற்றர் விட்டால் 10 கிலோவாட் கிடைக்கும். (நொடிக்கு எத்தனை கன மீற்றர் என்பதை இறக்கத்தால் பெருக்கி, அதை 5 ஆல் பெருக்கினால் சின்ன இயந்திரங்களுக்குக் கிட்டத்தட்டச் சரியான கிலோவாட் வரும்.) 46 வீடு. கட்டுக்குக் கீழே ஓடையோரமாக ஒரு லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), அதில் ஒன்பது குடும்பம். உலக அணைக் கணக்கில் பொதுவாக 15 மீற்றரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரிய அணை. இந்த 14 அடிக்கட்டு எந்தப் பட்டியலிலும் இல்லை, இதைப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். ஆனால் லயத்துக்கு மேலே 1500 டன் நிற்கிறது.

பழைய கட்டுகளில் அடிக்கடி வரும் வியாதி ஒன்று உண்டு, அது குழாய். எங்கள் கட்டின் வயிற்றுக்குள் 10 அங்குல வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று போகிறது. வால்வு இருந்தது வெளிப்பக்கம், கட்டைத் தாண்டி. அதனால் கட்டுக்குள் இருக்கும் குழாயில் இரவும் பகலும் குளத்தின் முழு அழுத்தம். ஈயம் உருக்கி அடைத்த பழைய மூட்டு ஒன்று வாய் திறந்தால், தண்ணீர் மண்ணுக்குள்தான் பீச்சும். அதோடு, வட்டமான குழாயின் கீழ் அரைப்பகுதியில் மண்ணை இறுக்கி இடிப்பது எவனாலும் முடியாது. அந்த இடம் பிறந்த நாள் முதல் பொக்குதான். தண்ணீருக்குப் பாதை தயாராக இருக்கிறது, அது மண்ணை ஒவ்வொரு துகளாக வெளியே கொண்டுபோக ஆரம்பிப்பதுதான் பாக்கி.

அறிகுறிகள் ஏழு மாதத்துக்கு முன்பே தெரிந்தன. பங்குனி வெயிலில் கட்டின் வெளிச்சரிவு முழுக்கக் காய்ந்து கிடக்க, குழாய் வெளியே வரும் இடத்தைச் சுற்றி மட்டும் புல் பச்சையாக நின்றது. மாடு அங்கேதான் மேய்ந்தது. காலை வைத்தால் சதக் என்றது. பிறகு விரல் தடிமனில் ஒழுக்கு. 10 லீற்றர் வாளி நிறைய 40 நொடி, அதாவது நிமிடத்துக்கு 15 லீற்றர். தண்ணீர் தெளிவாக இருந்ததால் விட்டுவிட்டோம். மண் கட்டு என்றால் கொஞ்சம் கசியும், அது உண்மைதான். ஆனால் கசிவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நாங்கள் அதற்குப் பிறகு அளக்கவே இல்லை. அந்த நேரத்தில் ஒரு கியூப் (நூறு கன அடி) கரடு மணலும் ஒரு கியூப் சல்லியும் கொட்டி அந்த இடத்தை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இன்னொரு தப்பு வானில், அதாவது குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் வாயில், நடந்தது. எங்கள் வான் 5 அடி அகலம், அதில் 2 அடி ஆழத்துக்குத் தண்ணீர் போகும்படி கட்டியது, அதற்கு மேல் இன்னும் ஓர் அடி கட்டு இருக்கிறது. வெயில் காலத்தில் கூடுதலாகத் தண்ணீர் நிறுத்த 9 அங்குலப் பலகை ஒன்றைக் குறுக்கே செருகுவது எல்லா இடத்திலும் வழக்கம். 24 அங்குலத்தில் 9 போனால் மீதி 15, பாதிக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றும். வானில் போகும் தண்ணீர் ஆழத்தோடு நேர்க்கணக்கில் கூடுவதில்லை, ஆழத்தின் ஒன்றரை அடுக்கில் (ஆழம் பெருக்கல் ஆழத்தின் வர்க்கமூலம்) கூடும். சூத்திரம் வேண்டுமானால், 1.7 பெருக்கல் அகலம் பெருக்கல் ஆழத்தின் ஒன்றரை அடுக்கு, எல்லாம் மீற்றரில். எங்கள் வானுக்கு அது நொடிக்கு 1.2 கன மீற்றர். பலகை போட்டால் 0.6. சரிபாதி. 10 ஹெக்டயர் தேயிலைச் சரிவில் ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால், அதில் பாதி ஓடி வந்தாலும் நொடிக்கு 1 கன மீற்றர். பலகை இல்லாவிட்டால் தாங்கும், இருந்தால் தாங்காது. மழை தொடங்குவதற்கு முன் பலகையைக் கழற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். யார் கழற்றுவது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஈடன்வில் என்ற கிராமத்து நீர்மின் அணையிலும் வானைப் பெரிதாக்கும் வேலை வெறும் பேச்சில்தான் வருடக்கணக்காக இழுபட்டது. 1924ல் கட்டிய மண் அணை. அங்கே வரக்கூடிய மிகப் பெரிய வெள்ளத்தில் பாதியைத்தான் அதன் வான் கடத்தும் என்று கண்டு, 2018ல் மின் உற்பத்தி உரிமத்தையே ரத்துச் செய்தார்கள். ஆனால் அணையும் தண்ணீரும் அங்கேயே இருந்தன. 2020 மே 19ஆம் திகதி மழையில் நீர்மட்டம் என்றும் இல்லாத அளவுக்கு ஏறியது. கட்டுக்கு மேலால் வழியவில்லை, அதற்கு முன்பே வெளிச்சரிவின் இறுகாத மணல் சில நொடிகளில் கூழாகிச் சரிந்தது. சுமார் 10,000 பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையும் அதோடு போயிற்று. வான் சிறியது என்றால் தண்ணீர் மேலால் வழிந்துதான் உடையும் என்று நினைக்க வேண்டாம். மட்டம் ஏறினால் கட்டில் எது பலவீனமோ அது முந்திக்கொள்ளும்.

எங்களுக்கு முந்திக்கொண்டது குழாய். பின்னேரம் நான்கு மணிக்கு இடி மழை. ஏழு மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தபோது ஒழுக்கு கை மணிக்கட்டுத் தடிமனில், பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கியது. அப்போது செய்த முதல் தப்பு, குழாய் வால்வை ஓடிப்போய் மூடியது. தண்ணீரை நிறுத்தினால் ஒழுக்கும் நிற்கும் என்ற எண்ணம். வால்வு வெளிப்பக்கம் இருக்கும்போது அதை மூடினால், உள்ளே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்று குழாய்க்குள் அழுத்தம் ஏறும், வாய் திறந்த மூட்டு வழியாக இன்னும் வேகமாகப் பீச்சும். வால்வு குளத்துப் பக்கம் இருந்தால் மட்டும் மூடுங்கள். வெளிப்பக்கம் என்றால் முழுக்கத் திறந்துவிடுங்கள், ஓடட்டும்.

இரண்டாவது தப்பு, அடைத்தது. கூட இருந்த மேசன் தம்பி, "சாக்குல சீமெந்தும் களியும் கலந்து அறைஞ்சா நின்னுரும்ணே" என்றான். எட்டுச் சாக்கு அடித்தோம். நின்றது. கால்மணி நேரம் பெரிய நிம்மதி. பிறகு குழாய்க்கு ஐந்தடி மேலே, சரிவின் நடுவில், புல் வழியாகத் தண்ணீர் வியர்த்தது. கட்டின் முதுகில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு, பெருவிரல் நுழையும் அகலம். வெளியேற முடியாத தண்ணீர் கட்டுக்குள் மட்டம் ஏறி, மண்ணை ஊறவைத்து, சரிவையே தள்ள ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில்தான் நீர்மின் வேலைகளில் பழக்கமுள்ள ஒரு பொறியியலாளர் கைபேசியில் கிடைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி எவ்வளவு வருகிறது என்பது இல்லை. "தெளிவா வருதா, கலங்கலா வருதா?" கலங்கல் என்றதும், "அடைச்சத எடுங்க, கீழ லயத்துல ஆக்கள எழுப்புங்க, ரெண்டும் ஒரே நேரத்துல" என்றார்.

தெளிந்த தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும் போகிறது. கலங்கல் என்றால் கட்டு போகிறது. அமெரிக்காவின் ஐடஹோவில் 93 மீற்றர் உயர டீட்டன் அணையில் 1976 ஜூன் 5ஆம் திகதி காலை ஏழு மணி வாக்கில் கலங்கல் ஒழுக்கைக் கண்டார்கள். 11.57க்கு அணை உடைந்தது. அவ்வளவு பெரிய அணைக்கே ஐந்து மணி நேரம்தான், 14 அடிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்களை எழுப்புவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உடையாவிட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற வெட்கம் எங்களுக்கும் இருந்தது, அதில் இருபது நிமிடம் போனது. கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி உடைந்தது விடியலுக்கு முன், ஊர் தூங்கும் நேரத்தில். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கிராம உத்தியோகத்தருக்கும் 117க்கும் (அனர்த்த முகாமைத்துவ நிலையம்) அழைத்து, ஒன்பது குடும்பத்தையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினோம். ஓடையோரமாகப் போகும் பாதையில் ஆட்களைக் கூட்டிப்போகாதீர்கள், சரிவில் குறுக்கே ஏற்றுங்கள்.

இனி, அடைக்காமல் என்ன செய்வது. தண்ணீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் பிடித்துவைக்க வேண்டும், வடிகட்டி மாதிரி. ஒழுக்கு வரும் வாயின் மேல் கரடு மணல் அரை அடி, அதன் மேல் சல்லி அரை அடி, அதன் மேல் பாரத்துக்குக் கருங்கல். தண்ணீர் வேகத்தில் மணலை அடித்துக்கொண்டு போனால், முதலில் கல்லைப் போட்டு வேகத்தை உடைத்து, அதன் மேல் சல்லி, பிறகு மணல், திரும்பவும் சல்லி, கல். சுற்றி மணல் மூட்டையை வளையமாக மூன்று நாலு அடி உயரத்துக்கு அடுக்கி, உள்ளே தண்ணீரைத் தேங்கவிட்டு மேலால் வழியவிடுங்கள். அந்தத் தேங்கிய தண்ணீரின் எதிரழுத்தமும் உதவும். வழிகிற தண்ணீர் தெளிய ஆரம்பித்தால் வேலை பிடித்துவிட்டது. எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. களி, சீமெந்து, பொலித்தீன் எதுவும் வெளிப்பக்கம் வேண்டாம்.

அடைப்பது குளத்துப் பக்கம் மட்டும்தான் சரி. நீர்ப்பரப்பில் மரத்தூளையோ காய்ந்த இலையையோ தூவினால், சுழி இருந்தால் அங்கே போய்ச் சுற்றும். அதற்கு மேல் தார்ப்பாயை நாலு மூலையிலும் கல் கட்டி, கட்டின் மேலிருந்து கயிற்றில் இறக்கலாம். வைக்கோல் கட்டு, சல்லி மூட்டை போடலாம். ஆளை மட்டும் தண்ணீரில் இறக்காதீர்கள், ஒரு சின்னச் சுழியே காலைப் பிடித்து இழுத்துவிடும். எங்கள் குளத்தில் சுழி தெரியவில்லை. மூட்டிலிருந்து வந்த தண்ணீர் என்பதால் தெரிந்திருக்கவும் முடியாது.

அதே நேரத்தில் குளத்தை இறக்க வேண்டும். ஓடையிலிருந்து குளத்துக்கு வரும் கானை (வாய்க்காலை) முதலில் அடையுங்கள், எங்களுக்கு அதுவே ஒன்பது மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. வான் பலகை தண்ணீர் அழுத்தத்தில் இறுகிக் கழற்றவே வரவில்லை, கடைசியில் மரம் அறுக்கும் வாளால் நடுவில் அறுத்து உடைத்தோம். பலகையில் இரண்டு கண் போல்ட் போட்டுச் சங்கிலியைக் கரையில் கட்டியிருந்தால் இரண்டு பேர் இழுத்தால் போதும். பிறகு சைபன். 4 அங்குல பிவிசி குழாயைக் கட்டின் முதுகுக்கு மேலால் வளைத்து, இரண்டு வாயையும் மூடி, உச்சியில் ஒரு T வடிவ மூட்டு வழியாகத் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டு, குளத்து வாயை நீருக்குள் திறந்து, பிறகு கீழ் வாயைத் திறந்தால் தானாக ஓடும். கீழ் வாய் கட்டின் அடிவரை இறங்கினால் ஒரு குழாயில் நொடிக்கு 15 முதல் 20 லீற்றர். உச்சி, நீர்மட்டத்துக்கு மேல் 15 அடிக்குள் இருக்க வேண்டும். கீழ் வாயைக் கட்டின் அடியிலேயே விட்டால் அது மண்ணைத் தோண்டும், ஓடைப் பாறைவரை நீட்டுங்கள். இரண்டு சைபனும் திறந்த வால்வுமாக விடியும்போது குளம் ஐந்தடி இறங்கியிருந்தது. சாதாரண நாளில் மண் கட்டுக் குளத்தை ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் இறக்கக்கூடாது, உட்சரிவு ஈரத்தோடு சரிந்துவிடும். அவசரத்தில் அதைப் பார்க்க வேண்டாம். உட்சரிவு சரிந்தால் பிறகு கட்டலாம்.

பகலில் வெட்டிப் பார்த்தபோது, குழாயின் அடியில் ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவுக்குக் குகை. அதன் மேல் நின்றுதான் இரவெல்லாம் வேலை செய்திருக்கிறோம். திருத்த வேலைக்கு 74 நாள் இருட்டு, பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வாடகையும் குழாயும் மணலும் கூலியும் சேர்த்து ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பாதி கடன். அதில் ஒன்றரை லட்சம் வீண் செலவு, ஏனென்றால் முதல் முறை வெட்டிய பள்ளத்தின் பக்கங்களைச் செங்குத்தாக விட்டு மண் நிரப்பினோம். புதுமண் அமரும், பழைய மண் அமராது, இரண்டுக்கும் நடுவில் வெடிப்பு விழும். திரும்பத் தோண்டினோம். பக்கங்களை ஓர் அடி இறக்கத்துக்கு இரண்டு அடி சாய்வாக வெட்டுங்கள்.

புதுக் குழாய் இரும்பு, அதைச் சுற்றிக் கொங்கிரீட். கொங்கிரீட்டின் பக்கங்கள் மேலே போகப் போகச் சற்று உள்ளே சாய வேண்டும், அப்போதுதான் மண் அதன்மேல் இறுகி உட்காரும். குழாயைச் சுற்றி நடுநடுவே கழுத்துப்பட்டை மாதிரிக் கொங்கிரீட் சுவர் எழுப்பச் சில மேசன்மார் சொல்வார்கள். அது பழைய முறை. அந்தச் சுவரின் மூலையில் மண்ணை இடிக்க முடியாது, அங்கேயே பொக்கு விழும். இப்போது அதை விட்டுவிட்டு, கட்டின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் குழாயைச் சுற்றி மூன்றடி தடிமனுக்கு மணல் வடிகட்டி வைக்கிறார்கள், அதன் தண்ணீர் சல்லி வழியாக வெளியே வரும். மணலைத் தெரிவு செய்ய ஒரு சோதனை இருக்கிறது. ஈர மணலைச் சிரட்டையில் இறுக்கித் தட்டில் கவிழ்த்து, தட்டில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கோபுரம் உடனே சரிந்தால் நல்ல மணல். நின்றால் அதில் களி இருக்கிறது, அந்த மணலில் வெடிப்பு விழுந்தால் திறந்தபடியே நிற்கும். எங்களுக்கு வந்த முதல் லோட் நின்றது, திருப்பி அனுப்பினோம்.

மண் நிரப்பும்போது ஆறு அங்குலத்துக்கு மேல் ஒரு படை போடாதீர்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது. வால்வு இப்போது குளத்துப் பக்கம். அப்படி வைத்தால் அதற்குப் பின்னால் ஒரு காற்றுக்குழாய் கட்டாயம், இல்லாவிட்டால் மூடும்போது கீழே ஓடும் தண்ணீர் பின்னால் வெற்றிடத்தை உண்டாக்கி பிவிசி குழாயைச் சப்பையாக்கிவிடும். கட்டில் மரம் வளரவிடாதீர்கள், வளர்ந்த பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டுவிடாதீர்கள், வேர் உக்கிய இடம் ஒரு குழாய்தான். முள்ளம்பன்றி வளையும் நண்டு வளையும் அதே கணக்கு.

மழை விஷயத்தில் ஊகம் வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்று மூன்று படி வைத்திருக்கிறது. அதையே நாங்கள் கட்டுக்கும் எடுத்துக்கொண்டோம். 75ல் கானை அடைத்து ஒருவர் கட்டுக்குக் காவல் இருப்பது, 100ல் குளத்தை இறக்குவது, 150ல் லயத்தைக் காலி செய்வது. மழைமானி கடையில் வாங்கியது. பலகை மார்கழி முதல் சித்திரைவரை மட்டும் வானில் இருக்கும், மற்ற மாதங்களில் அது என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்.

வால்வு அறையில் ஒரு கொப்பி தொங்குகிறது. கிழமைக்கு ஒருமுறை வாளி நிறையும் நேரம், குளத்து மட்டம், மழை, மூன்றும் அதில் ஏறும். ஒழுக்குத் தண்ணீரைச் சோடாப் போத்தலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து அடியைப் பார்ப்போம். போன ஞாயிற்றுக்கிழமை வாளி நிறைய மூன்று நிமிடம் இருபது நொடி, குளம் வானுக்கு நாலு அங்குலம் கீழே, மழை 12 மில்லிமீற்றர், போத்தலின் அடியில் ஒன்றுமில்லை.